ஏழரைக் கிலோ

தராசு முள் ஏழரையில் போய் நின்றது. "ஏழரை பிடிச்சிருச்சு தம்பி, இனிமே லேசுல விடாது" என்று பழைய பேப்பர்க் கடைக்காரர் சிரித்தார். ராமநாதபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் கடை. யாரோ வீட்டைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போன புகைப்பட இதழ்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. கிலோவுக்கு என்ன விலை சொல்லலாம் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நான் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டேன். இந்தக் குணம் இருப்பவன் பேரம் பேசி உருப்பட முடியாது என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். மண்டபம் ஊரில் நான் கணக்கு எழுதும் ஐஸ் கம்பெனியில் அந்த இரண்டு மாதமும் ஈ ஓட்ட வேண்டியதுதான். கையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ். ஒன்றரை வருடமாகக் கடலை எடுத்துக்கொண்டே இருந்தேன், எடுத்ததெல்லாம் காலண்டர் படம் மாதிரியே வந்தது. என்ன தப்பு என்று கேட்க ஆள் இல்லை. யூடியூபில் பார்த்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார். சரி, அச்சில் வந்ததைப் படித்துப் பார்ப்போம் என்றுதான் அந்தச் சாக்கு.

புகைப்படம் கற்க எந்த இதழ் வாங்கலாம் என்று இப்போது என்னிடம் சிலர் கேட்கிறார்கள். நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஆனால் ஏழரைக் கிலோவையும் அட்டை முதல் அட்டை வரை படித்தவன் என்ற முறையில் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது.

சாக்கில் இருந்தவை கலவை. 1997இல் மும்பையில் தொடங்கிய பெட்டர் ஃபோட்டோகிராஃபியின் இதழ்கள் சில. 1884இல் தொடங்கிய பிரிட்டிஷ் இதழான அமெச்சூர் ஃபோட்டோகிராஃபர் ஒரு கட்டு. பெயர் மறந்துபோன அமெரிக்க இதழ்கள். மஞ்சள் விளிம்பு போட்ட நேஷனல் ஜியோகிராஃபிக் பத்துப் பன்னிரண்டு. எல்லாம் ஆங்கிலம்தான், ஆனாலும் படம் பாதி இடத்தை அடைத்துக்கொள்வதால் பயப்படும்படி இல்லை. உப்புக்காற்றில் வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. முதல் வாரமே இரண்டு இதழ்களைப் பிரிக்கும்போது பக்கம் உரிந்து வந்துவிட்டது. அப்புறம் அரிசி டின் ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தேன், கேமராவும் அதே டின்னில்.

முதலில் கையில் எடுத்தவை கருவி மதிப்புரைகள். எடுக்காமல் இருக்க முடியுமா? ஒரு கேமராவுக்கும் அடுத்த கேமராவுக்கும் எத்தனை மெகாபிக்சல் வித்தியாசம், எந்த லென்ஸில் ஓரம் மங்குகிறது என்றெல்லாம் அட்டவணை போட்டிருந்தார்கள். நான்கு நாள் அதையே படித்தேன். ஐந்தாம் நாள் என் கேமராவைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். பிலிம் காலத்திலிருந்தே கல்யாணப் படம் எடுப்பவர். அவர் நான் கொண்டுபோன இதழில் நடுப்பக்கத்தைப் பிரித்து, நெகட்டிவ் பார்க்கும் உருப்பெருக்கியை அதன்மேல் வைத்து, "பாருப்பா" என்றார். கண்ணை வைத்தால் கடல் இல்லை. நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகள், கோலத்துக்கு வைத்த புள்ளி போல வரிசையாக.

"ஒரு அங்குலத்துக்கு முந்நூறு பிக்சல் இருந்தா அச்சுக்குப் போதும். ஏ4 பக்கத்துக்குக் கணக்குப் போடு."

அகலம் 2480, உயரம் 3508. பெருக்கினால் ஏறக்குறைய 87 லட்சம், அதாவது 8.7 மெகாபிக்சல். இரண்டு பக்கம் விரித்துப் போட்டாலும் பதினேழரைக்குள் அடங்கிவிடும். என் பழைய கேமராவில் 24 இருக்கிறது. "அந்த விளம்பரப் பக்கத்தையும் அதே முந்நூறுலதான் அடிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ சொன்னார். அதன் பிறகு மதிப்புரைப் பக்கங்கள் பஜ்ஜி மடிக்கப் போயின. மிகைப்படுத்தவில்லை, எதிர்வீட்டு அக்கா நிஜமாகவே வாங்கிப் போனார்.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், இயற்கை பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். தானே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பும் தைரியமும் சேர்ந்து வரும்.

அடுத்து, கற்றுத்தரும் கட்டுரைகள். இதில்தான் நான் ஏமாந்தேன், ஏமாந்ததால் கற்றுக்கொண்டேன். பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் கடற்கரைப் படம் எடுப்பது பற்றி எட்டுப் பக்கம். பொன் வேளை என்று ஒன்று, சூரியன் எழுந்த பின்னும் அடையும் முன்னும் கிடைக்கும் மஞ்சள் வெளிச்சம். அவசரப்படாதே, முக்காலியை ஊன்று, இடம் பார், கோணம் மாற்று, பிளாஸ்கில் காபி கொண்டுபோ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நானும் காபியோடு விடிவதற்கு முன்பே தென்கடல் கரைக்குப் போனேன். முக்காலியின் மூன்றாவது கால் மணலில் இறங்கிக்கொண்டே இருந்தது. அதைச் சரி செய்து, காபியை ஊற்றி, நிமிர்ந்து பார்க்கிறேன், வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கிறது. பொன்னும் இல்லை, ஒன்றும் இல்லை.

மூன்று நாள் இதேதான். என் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் ஐஸ் கம்பெனிக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வேறொரு கணக்குப் போட்டேன். வானத்தில் சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகர்கிறது. ராமேசுவரம் ஒன்பதேகால் பாகை அட்சத்தில் இருக்கிறது, இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏறும்வரைதான் அந்த மஞ்சள் வெளிச்சம் என்றால் நமக்குக் கிடைப்பது இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். லண்டனிலோ சூரியன் சாய்வாக ஏறும். டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிப் பொழுதிலேயே சூரியன் பதினைந்து பாகைதான். அந்தக் கட்டுரையை எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவர் ஊர்ச் சூரியனைச் சொல்லியிருக்கிறார். நான் மண்டபத்துச் சூரியனை வைத்துக்கொண்டு அவர் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எந்த இதழைப் பிரித்தாலும் எந்த ஊர் வெளிச்சத்தில் எழுதியது என்று முதலில் பார்க்கிறேன். மும்பை இதழ்களுக்கு நம் வெயில் தெரியும். மத்தியான வெயிலில் என்ன எடுக்கலாம் என்று அவற்றில் ஒன்றில் ஒரு கட்டுரை இருந்தது: நிழலையே பொருளாக எடு, வலை உலர்த்தும் இடங்களில் நிழல் கட்டம் கட்டமாக விழும் என்கிற மாதிரி. அதைப் படித்த அன்றே பாம்பன் குந்துகாலுக்கு பைக்கில் போய் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மணலும் அப்படித்தான். தனுஷ்கோடி மணல் வெள்ளை. கேமராவுக்குள் இருக்கும் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கொள்ளும், வெள்ளை மணலை அழுக்கு மணலாக்கித் தரும். ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு). பனி பெய்யும் ஊர் இதழில் பனிக்குச் சொன்ன குறிப்பை நான் மணலுக்கு எடுத்துக்கொண்டேன், கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் முகத்துக்கு அவர்கள் சொன்னது பொருந்தவில்லை. வெயிலில் கறுத்த முகம், பின்னால் பளபளக்கும் கடல், இந்த இரண்டையும் ஒரே படத்தில் எப்படிச் சமாளிப்பது என்பது வெள்ளைத் தோலை வைத்து எழுதிய கட்டுரையில் கிடைக்காது. ஸ்டுடியோ அண்ணன்தான் சொன்னார்: "உள்ளங்கையை வெயிலில் நீட்டி அளவு எடு, அதுக்கு மேல ஒரு ஸ்டாப் திற. உள்ளங்கை எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே நிறம்தான்."

இனி நான் சொல்ல வந்த விஷயம். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நான்கு எண்கள் போட்டிருப்பார்கள். ஷட்டர் திறந்திருந்த நேரம், அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் துளையின் அளவு, ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர் அளவு, தூரத்தை எவ்வளவு இழுத்துக் காட்டும் என்று சொல்லும் லென்ஸின் எம்எம். ஆரம்பத்தில் முதல் மூன்றையும் மந்திரம் மாதிரி எழுதி வைத்தேன். 1/250, எஃப்/8, 200. அந்த நாள் வெளிச்சம் அந்த நாளோடு போயிற்று, அந்த எண்களை வைத்து நான் என்ன செய்ய? நான்காவது எண்தான் பேசும். 400 எம்எம் என்று போட்டிருந்தால் எடுத்தவர் தூரத்தில் நிற்கிறார். 28 என்று போட்டிருந்து முகம் பெரிதாகத் தெரிந்தால், அந்த ஆளின் பீடிப் புகை அடிக்கும் தூரத்தில் நிற்கிறார், பேச்சுக் கொடுத்திருக்கிறார், அந்த ஆள் சரி என்று விட்டிருக்கிறார். பிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் கொண்ட முழுச் சட்டக் கேமராவின் 28 என்றால், சென்சார் சிறிதான என் கேமராவில் அது 18. அதாவது என்னிடம் ஏற்கெனவே இருக்கிற லென்ஸ்.

நேஷனல் ஜியோகிராஃபிக்கின் 1984 டிசம்பர் இதழ் அட்டையில் ஒரு படம். ஸ்டீவ் மெக்கரி குஜராத்தின் போர்பந்தரில் எடுத்தது. கழுத்தளவு வெள்ளத்தில் ஒரு வயதான தையல்காரர் தையல் மிஷினைத் தோளில் சுமந்து வருகிறார், முகத்தில் சிரிப்பு. உள்ளே பருவமழை பற்றிய கட்டுரை. அந்த இதழ் என் சாக்கில் இருந்தது, அட்டை ஓரம் கரையான் தின்றது போக. எத்தனையோ நாள் பார்த்த பிறகுதான் உறைத்தது: கேமராவும் தண்ணீருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. எடுத்தவரும் அதே வெள்ளத்துக்குள்தான் இறங்கியிருக்க வேண்டும். நான் அதுவரை எடுத்த கடல் படம் எல்லாம் செருப்பு நனையாமல் எடுத்தது.

தடைக்காலத்தில் விசைப்படகுதான் போகாது, கரைவலைக்குத் தடையில்லை. கம்பிப்பாட்டுப் பக்கம் கரைவலை இழுப்பார்கள். வலையை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டு வந்து, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. கம்பா என்பார்கள் அந்தக் கயிற்றை. முன்பு நான் அதை ரோட்டோரம் நின்று, 55 எம்எம்மில், ஆட்கள் எறும்பு மாதிரி தெரிய எடுத்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கும். யாருக்கும் அதில் ஒன்றும் தெரியாது.

இந்த முறை லென்ஸை 18இல் வைத்து, அது நகராமல் இருக்கச் செல்லோ டேப் ஒட்டிவிட்டேன். ஏதோ ஓர் இதழில் பயிற்சி என்று போட்டிருந்தது, ஒரு வாரம் ஒரே எம்எம். முதல் நாள் கேமராவையே எடுக்கவில்லை, கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அரைமணி நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்து, "கையால இழுக்காதப்பா, இடுப்பக் குடுத்துப் பின்னால நட" என்றார். அப்புறம்தான் கவனித்தேன். எல்லோரும் பின்னோக்கி நடக்கிறார்கள். குதிகால்தான் முதலில் மணலில் புதைகிறது. வரிசையின் கடைசிக்குப் போனவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீரோரம் ஓடிவந்து மறுபடி முதல் ஆளாகப் பிடிக்கிறார். ரோட்டில் நின்றபோது இது எதுவும் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் எடுத்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று, கயிறு என் இடது காதை உரசிக்கொண்டு போக, பெரியவரின் இரண்டு கைகள். நகத்தில் உப்பு, ஈரக் கயிற்றிலிருந்து பிரிந்து நிற்கும் நார், ஒரு விரலில் சுற்றிய துணி, அதற்குப் பின்னால் மங்கலாக, வலையின் பையான மடி கரையேறுகிற இடத்தில் கூட்டம். அன்று மடியில் காரலும் நெத்திலியும்தான், பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் நல்ல மீன்பாடு.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்துளியைக் காய்ந்த துணியால் துடைக்காமல் முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். இதுவும் இதழில் படித்ததுதான், லென்ஸ் கீறாமல் தப்பியது.

வாசகர் போட்டிப் பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை நல்லதும் கெடுதலும். ஜெயித்த படத்தை மட்டும் போட்டு "அற்புதம்" என்று எழுதுகிற இதழால் பயனில்லை. ஏன் இரண்டாம் பரிசு, எங்கே கத்தரித்திருக்கலாம் என்று எழுதுகிற இதழ் உண்டு, அதை விடாதீர்கள். ஆனால் போட்டிப் படங்களைப் பார்த்துப் பார்த்து நாமும் அதையே எடுக்க ஆரம்பித்துவிடுவோம். பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தை எல்லோரும் ரோட்டுப் பாலத்தில் ஒரே இடத்தில் நின்று, மூன்றில் ஒரு பங்கு வானம் விட்டு எடுத்தோம். 2025 ஏப்ரலில் புதுத் தூக்குப் பாலம் வந்தது, அதையும் அதே இடத்தில் நின்று எடுக்கிறோம். பாலத்துக்கு அடியில் வலை கட்டுகிறவர்களைப் பக்கத்தில் போய் எடுத்த படம் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒன்றுகூட வந்ததில்லை.

அப்புறம், எவ்வளவு பெரிய இதழ் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக், நெட்டு அட்டையில் அடக்குவதற்காக கீசாவின் இரண்டு பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்து அச்சிட்டது. பெரிய சர்ச்சை ஆயிற்று. பிரமிடையே நகர்த்துகிறவர்கள் பூநாரையை நகர்த்த மாட்டார்களா?

பூநாரை என்றதும் ஒரு பெருமூச்சு. 1981இல் தொடங்கிய சாங்க்சுவரி ஏஷியா மாதிரி இதழ்களை நான் நூலகத்தில் வைத்துத்தான் படிப்பேன், வீட்டுக்கு வாங்கிவந்தால் 600 எம்எம் லென்ஸ் ஆசை வந்துவிடும். கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பனிக்காலத்தில் பூநாரைகள் இறங்கும். என் லென்ஸில் அவை வெள்ளைக் கமாக்கள். இப்போதைக்கு அவற்றை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன்.

சந்தா விஷயத்தில் என் அனுபவம் கசப்பு. ஓர் இதழுக்கு இரண்டு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். ஏழு இதழ் வந்தது, அப்புறம் நின்றது. கடிதத்துக்கும் பதிலில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. அச்சு இதழ்களின் நிலைமை எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது. 1937இல் தொடங்கிய அமெரிக்காவின் பாப்புலர் ஃபோட்டோகிராஃபியே 2017இல் அச்சை நிறுத்திவிட்டது. மேக்ஸ்டர் மாதிரி செயலியில் மாதச் சந்தா கட்டினால் ஏகப்பட்ட இதழ்களைப் புரட்டலாம், நானும் கொஞ்ச நாள் புரட்டினேன். ஆனால் இரண்டு பக்கம் விரிந்த படத்தைப் போன் திரையில் பார்ப்பது ஜன்னல் சட்டம் வழியாகத் தேர் பார்ப்பது போல. எதை வாங்கலாம் என்று முடிவு செய்ய மட்டும் செயலி, வைத்துப் படிக்கப் பழைய அச்சு இதழ், இப்படித்தான் இப்போது ஓடுகிறது.

கடையில் புது இதழைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது இவ்வளவுதான். கடைசியிலிருந்து புரட்டுவேன், விளம்பரம் எத்தனை பக்கம் என்று தெரிந்துவிடும். ஒருவரின் படங்கள் ஆறேழு பக்கம் தொடர்ச்சியாக வந்திருக்கிறதா, ஒரே இடத்துக்கு அவர் எத்தனை தடவை போனார் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அந்த நான்காவது எண். இதழ் முழுக்க 200, 400 என்றே இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுவேன், அது எனக்கானது இல்லை. உங்களுக்குப் பறவைதான் உயிர் என்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், சண்டையில்லை. மாதம் ஒன்று வாங்காவிட்டாலும் பரவாயில்லை. என் ஏழரைக் கிலோவில் இப்போது மிச்சம் ஒன்றரைக் கிலோ இருக்கும். மீதியைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, மணல், ஓரிடத்தில் மீன் செதிலும்கூட.

பெரியவரின் கைகளை ஸ்டுடியோ அண்ணன் பன்னிரண்டுக்குப் பதினெட்டில் அச்சுப் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இதழில் வந்த படம் மாதிரியே இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கம்பிப்பாட்டுக்குப் போனேன். பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"கை என்னுதுதான். மூஞ்சி எங்கப்பா?"

நான் ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே படத்தைப் பக்கத்தில் இருந்த அவர் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத வீட்ல மாட்டினா யாரு கையின்னு கேப்பாக" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வா" என்றார் பெரியவர். "சட்டை போட்டு நிக்கிறேன். கடல் பின்னால தெரியணும், ரெண்டு பேரும் சேந்து."

கிளம்பும்போது முழுச் சட்டையா அரைச் சட்டையா என்று கேட்டார். உள்ளங்கையை நீட்டி அளவு எடுக்க வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, முழுச் சட்டை என்றேன்.